நெல்லுக்கு மண்புழு உரம்: நாற்றங்காலிலிருந்து தொடங்குங்கள்

நெல்லுக்கு மண்புழு உரம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்: தாராளமாகப் போடலாம், ஆனால் மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கி வயல் முழுக்க இறைக்க வேண்டாம். நம் விளையில், அதாவது தோட்டத்தில், விழுகிற தென்னை ஓலையையும் வாழைத்தடையையும் (குலை வெட்டிய வாழைத்தண்டு) வைத்து நாமே செய்வோம், அதை முதலில் நாற்றங்காலுக்குப் போடுவோம், மிஞ்சினால் வயலுக்குக் கொண்டுபோவோம். இந்த வரிசை மாறினால் காசு போகும், அதோடு மண்புழு உரத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். ஒரு பூ, அதாவது ஒரு போகம், போட்டுப் பார்த்துவிட்டு "இதெல்லாம் நெல்லுக்குச் சரிவராது" என்று கைவிட்டவர்களை நம் ஊர்ப்பக்கம் நிறையவே பார்க்கிறேன். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெல் எப்படி விளைகிறது என்பதிலிருந்து பார்க்க வேண்டும். நமக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, அதனால் இரண்டு பூ. சித்திரை வைகாசியில் தொடங்கி ஆவணி புரட்டாசியில் அறுக்கிற கன்னிப்பூ, புரட்டாசி ஐப்பசியில் நட்டு மாசி பங்குனியில் அறுக்கிற கும்பப்பூ. கன்னிப்பூவுக்கு அம்பை 16 மாதிரி குறுகிய வயது நெல், கும்பப்பூவுக்குத் திருப்பதிசாரம் 3 மாதிரி கொஞ்சம் நீண்ட வயது நெல் என்று வழக்கமாகிவிட்டது. தண்ணீர் 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் கால்வாய்களில் வருகிறது, வழியில் குளங்களில் நிறைகிறது, குளத்திலிருந்து மடை வழியாகப் பத்துக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகிறது. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாடு இது. இன்று நாகர்கோவிலைச் சுற்றி எத்தனை பத்து வீட்டு மனையாகிவிட்டது, மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் எத்தனை ஏலா (அங்கே வயல்வெளிக்குப் பெயர்) வாழையும் தென்னையும் ரப்பருமாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். மிச்சம் இருக்கும் வயலில் மண் எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் பாட்டா காலத்தில் வயலுக்கு எரு என்றால் அது ஒரு வருஷ வேலை. மாட்டுத் தொழுத்துச் சாணியைக் குழியில் சேர்த்து வைத்து மக்க வைப்பார்கள். பூவரசு, வேம்பு, புங்கு, கொழிஞ்சி என்று குழை (பச்சைத் தழை) வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தொளியில், அதாவது உழுது கலக்கிய சேற்றில், போட்டு மிதிப்பார்கள். அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுவார்கள், வாத்து மேய விடுவார்கள், கோடையில் குளம் வற்றினால் கரம்பை மண் அள்ளிக் கொட்டுவார்கள். இப்போது தொழுத்தில் மாடு இல்லை. குழை வெட்ட ஆள் இல்லை, வெட்டுவதற்கு வேலியில் பூவரசும் இல்லை, அது மதிலாகிவிட்டது. அறுப்பு இயந்திரம் போன பின்னாலேயே வைக்கோலைக் கட்டுகளாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது என்பதால், வைக்கோல் வண்டி போகும்போது வயலின் சாம்பல் சத்தும் அதோடு போகிறது. திரும்பி வருவது யூரியா மட்டும். வருஷத்துக்கு இரண்டு பூ எடுத்துக்கொண்டு, ஒரு பூவுக்குக்கூட மக்கு (மக்கிய இயற்கைப் பொருள்) என்று எதையும் கொடுக்காமல் இருந்தால் மண் எத்தனை நாள் தாங்கும்?

இந்த இடத்தில்தான் மண்புழு உரம் வருகிறது. வருகிறபோதே தவறான எதிர்பார்ப்போடு வருகிறது. கணக்கைப் பார்ப்போம்.

குறுகிய வயது நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஏக்கருக்கு 48 கிலோ. மண்புழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை இருக்கும், மிக நல்ல சரக்காக இருந்தால் இரண்டைத் தொடும். பொதுவாகச் சொல்லப்படும் அளவான ஏக்கருக்கு 2 டன் போட்டால் 20 முதல் 30 கிலோ தழைச்சத்து மண்ணுக்குள் போகிறது, அதிலும் ஒரு பங்குதான் இந்தப் பூவுக்குக் கிடைக்கும், மீதி மெல்ல மெல்ல அடுத்தடுத்த பூவுக்கு. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ 700 கிராம், விலை 266 ரூபாய் 50 காசு. மண்புழு உரம் கிலோ பத்து ரூபாய் என்று வைத்தாலும் 2 டன்னுக்கு 20,000 ரூபாய். 2024-25-ல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஆக 20,000 ரூபாயை மீட்க ஏறக்குறைய 870 கிலோ நெல் கூடுதலாக விளைய வேண்டும். ஒரு பூவில் அது நடக்காது. நடக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

பக்கத்து வயல் மாமா ஒருவர் என்னிடம் கேட்டார், "மக்கா, ஒரு மூட்டை யூரியாவுக்கு உள்ள சத்துக்கு இருபதாயிரம் ரூவா குடுக்கணுமாடே?" நான் சொன்னேன், "வேண்டாம் மாமா, யூரியாவுக்குப் பதிலா இதைப் போடுகதா இருந்தா ஒருத்தரும் வாங்கண்டாம். மண்ணுக்கும் வேருக்கும் போடுகதா இருந்தா, அதுவும் நம்ம விளையில செய்து போடுகதா இருந்தா, கணக்கே வேற." இந்தப் பேச்சு வரப்பிலேயே வெகுநேரம் ஓடியது, அவர் முழுசாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி, அதை அடக்கிவிட்டு இயற்கை வேளாண்மை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

மண்புழு உரம் யூரியா தராத சிலவற்றைத் தருகிறது. மக்கு தருகிறது, அது மண்ணில் அம்மோனியத்தையும் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்றவற்றையும் கழுவிக்கொண்டு போகாமல் பிடித்து வைக்கும். நம் மேற்குப் பகுதியில் மழை அதிகம், செம்மண்ணும் சரளை மண்ணும் அதிகம், மண் புளிப்பாக இருக்கும், அதனால் இந்தப் பிடிமானம் அங்கே பெரிய விஷயம். நுண்ணூட்டங்கள் பயிர் எடுக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. புழுவின் குடல் வழியாக வந்த பொருளில் நுண்ணுயிர்கள் செழிப்பாக இருக்கும், வேரைத் தூண்டும் பொருட்களும் உண்டு. அப்புறம் மிக முக்கியமானது, அது ஏற்கெனவே மக்கி முடிந்த பொருள். பச்சைக் குழையையோ வைக்கோலையோ நடவுக்கு முந்தைய நாள் தொளியில் மிதித்துத் தண்ணீர் கட்டினால் அது காற்றில்லாமல் அழுகும், அமிலம் சுரக்கும், மீத்தேன் வரும், இளநாற்று சில நாள் மஞ்சளாகி நிற்கும். நன்றாக மக்கிய உரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, இத்தனை நல்லது என்றால் ஏன் வயல் முழுக்க இறைக்க வேண்டாம் என்கிறேன்? தண்ணீர் காரணம்.

மண்புழு உரத்தைப் பற்றி நாம் கேள்விப்படும் நல்ல செய்திகளில் பெரும்பாலானவை காய்கறி, பூ, வாழை, பழத்தோட்டம் என்று காற்றோட்டமுள்ள மண்ணில் வளரும் பயிர்களைச் சேர்ந்தவை. நெல் வயல் வேறு உலகம். தண்ணீர் கட்டிய வயலில் மேலே ஒரு மெல்லிய ஏட்டில் மட்டும்தான் காற்று இருக்கும், அதற்குக் கீழே தொளி முழுவதும் காற்றில்லாத இடம். நன்றாக முதிர்ந்த மண்புழு உரத்தில் உடனே கிடைக்கக்கூடிய தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட் வடிவத்தில் இருக்கும். காற்றில்லாத தொளிக்குள் அது இறங்கினால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய சத்து குமிழியாகக் காற்றில் போய்விடுகிறது. நெல்லுக்கு அம்மோனியம் வடிவம்தான் ஒத்துவரும் என்பதும், தண்ணீர் கட்டிய வயலுக்கு நைட்ரேட் உரங்களைப் பரிந்துரைக்காததும் இதனால்தான். மண்புழு உரத்துக்கும் அதே விதி பொருந்தும், இயற்கை உரம் என்பதால் மண்ணின் வேதியியல் விலக்குக் கொடுக்காது.

இரண்டாவது காரணம் நம் பத்துக்கே உரியது. நம் ஊரில் தனித்தனி வாய்க்கால் எல்லா வயலுக்கும் கிடையாது. மேல் வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிய வாயிலில் கீழ் வயலுக்கு இறங்கி, அப்படியே கடைசி வயல்வரை தண்ணீர் ஓடுகிறது. மண்புழு உரம் இலேசான பொடி, மிதக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது தூவினால் மேல் வயல்காரர் போட்டது கீழ் வயலுக்கு, கீழ் வயல்காரர் போட்டது ஓடைக்கு, அங்கிருந்து பழையாற்றுக்கு. உரம் போடுகிற அன்று வயலை வடிய விட்டு, வரப்பு வாயை அடைத்து, இரண்டு மூன்று நாள் தொளி ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். இதற்குப் பக்கத்து வயல்காரர்கள் சம்மதிக்க வேண்டும், ஏனென்றால் நம் வயல் வழியாகத்தான் அவர்களுக்குத் தண்ணீர். மேல் வயலும் கீழ் வயலும் ஒரே நாளில் போடுவதாகப் பேசிக்கொண்டால் மட்டும்தான் இது எளிதாக நடக்கும். உரத்தின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இந்த இரண்டு சிக்கலும் இல்லாத இடம் ஒன்று உண்டு, நாற்றங்கால்.

ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். ஒரு ஹெக்டேருக்கு உரிய 20 சென்ட் நாற்றங்காலுக்கு ஒரு டன் தொழுவுரம் என்பது பரிந்துரை, அதன்படி 8 சென்டுக்கு 400 கிலோ. தொழுவுரத்தின் இடத்தில் மண்புழு உரத்தை வையுங்கள். இரண்டு டன் தேடி அலைய வேண்டிய இடத்தில் நானூறு கிலோ, அது ஒரு வீட்டு விளையில் தாராளமாகச் செய்யக்கூடிய அளவு. நாற்றங்காலில் ஆழமாகத் தண்ணீர் நிற்பதில்லை, பாத்தி மேடாக இருக்கும், விதைத்த முதல் நாட்களில் ஈரம் மட்டும்தான். காற்று உள்ள மண் என்பதால் நைட்ரேட் வீணாவது குறைவு, ஓடிப்போகத் தண்ணீரும் இல்லை. அந்த மூன்று நான்கு வாரத்தில் நாற்று என்ன வேர் போடுகிறதோ அந்த வேரோடுதான் அது வயலுக்குப் போய்ப் பச்சை பிடிக்கிறது. ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்களுக்குப் பாய் நாற்றங்கால் (நாற்றைப் பாய் போலச் சுருட்டி எடுக்கிற மாதிரி வளர்ப்பது) இன்னும் சின்னது, ஒரு ஹெக்டேருக்கு 100 சதுர மீட்டர்தான். அதற்கு மண் ஏழு பங்கு, நன்றாக மக்கிய உரம் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு என்று கலப்பார்கள். அந்த இரண்டு பங்கில் சலித்த மண்புழு உரத்தைப் போட்டால் பாய் கையில் எடுக்கும்போது உடையாமல் வரும்.

செய்முறையில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. கடைசி உழவில் பாதியைப் போட்டு மண்ணோடு கலக்கிறேன், பாத்தி மட்டம் செய்த பிறகு மீதியைச் சல்லடையில் சலித்து மேலே தூவி, முளை கட்டிய விதையை விதைக்கிறேன். விதை மேல் பறவை வராமலும் வெயில் படாமலும் ஓலை மூடி, முளை நிமிர்ந்ததும் எடுத்துவிடுவது வழக்கம்போலத்தான். நாற்றுக்கு யூரியா தூவுவதை நிறுத்திவிட்டேன். கரும்பச்சையாகக் கொழுத்து வளர்ந்த நாற்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தழைச்சத்து மிஞ்சினால் குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் முதலில் தேடி வருவது அதைத்தான், அதிலும் கும்பப்பூவில் மார்கழிப் பனி தொடங்கினால் குலைநோய்க்குக் கேட்கவே வேண்டாம்.

வித்தியாசத்தை எனக்கு முதலில் சொன்னவர்கள் நாற்றுப் பறிக்க வந்த அக்காமார். மண் இறுகிய நாற்றங்காலில் நாற்றுப் பறித்தால் பாதி வேர் மண்ணிலேயே நிற்கும், நாற்று முடியை (பறித்த நாற்றின் கட்டு) காலில் தட்டித் தட்டி மண் உதற வேண்டும், அந்தத் தட்டில் தண்டும் நசுங்கும், மத்தியானத்துக்குள் விரல் எரியும். "இது பிடிச்சு இழுத்தா வேரோட வருது, தட்டண்டாம், அலசினாப் போதும்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது எந்தப் பரிசோதனைக்கூட அறிக்கையையும்விட நம்பத்தக்கதாகப் பட்டது, ஏனென்றால் காலம் முழுக்க அந்த வேலையைச் செய்த கை அது. வேர் அறாமல் நட்ட நாற்று சீக்கிரம் பச்சை பிடிக்கும், சீக்கிரம் பச்சை பிடித்தால் தூர் வெடிப்பதும் முந்தும். கன்னிப்பூவில் 110 நாள் வயது நெல்லுக்கு நாற்று சுணங்கி நிற்கும் ஒரு வாரம் பெரிய இழப்பு, கும்பப்பூவின் நீண்ட வயது நெல்லுக்கு அவ்வளவு இல்லை. அதனால் செய்கிற உரம் கொஞ்சம்தான் என்றால் கன்னிப்பூ நாற்றங்காலுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

நாற்றங்காலுக்குப் போக மிஞ்சியதை வயலில் இரண்டு நேரத்தில் போடலாம். ஒன்று, கடைசித் தொளி உழவில் பரம்படித்து மட்டமாக்கும் முன். இரண்டாவது, முதல் களை எடுத்ததும் வயலை வடிய விட்டிருக்கும்போது. இந்த இரண்டாவது நேரம் எனக்குப் பிடித்தது. தண்ணீர் வடிந்து தொளி இறுகி மயிரிழை வெடிப்பு விடத் தொடங்கும்போது வேருக்குக் காற்றுக் கிடைக்கிறது, அப்போது போட்ட உரம் தூரடியிலேயே தங்கும். பிறகு தண்ணீரைத் திரும்பக் கட்டினால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காய விட்டுக் காய விட்டு, நீர் பாய்ச்சுகிறவர்களுக்கு மண்புழு உரம் இன்னும் நன்றாக வேலை செய்யும், வேரும் மக்கும் காற்றும் அப்போதுதான் சேர்ந்திருக்கின்றன.

தழைச்சத்துக்கு என்ன செய்வது? கன்னிப்பூவுக்கு வழி இருக்கிறது. கும்பப்பூ அறுத்த வயல் மாசி பங்குனியிலிருந்து சும்மா கிடக்கிறது, கோடை மழை வந்ததும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துவிட்டால் 45, 50 நாளில் இடுப்பளவு வளரும், நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 6, 7 டன் பசுந்தழை. அதில் தழைச்சத்து 30 கிலோவுக்குக் குறையாது. மடக்கி உழுது ஒரு வாரம் பத்து நாள் அழுக விட்டு நடலாம். பசுந்தாள் உரம் போட்டால் துத்தநாக சல்பேட்டையும் ஹெக்டேருக்கு 25 கிலோ என்பதிலிருந்து பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது பரிந்துரை. கும்பப்பூவுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. கன்னிப்பூ அறுத்த கையோடு கும்பப்பூ நட வேண்டும், இடையில் பசுந்தாள் வளர்க்க நாள் கிடையாது. வரப்பிலும் விளையோரத்திலும் கிளைரிசிடியா மரம் நட்டு வைத்திருந்தால் அதன் குழையை வெட்டிப் போடலாம். நட்ட பிறகு அசோலா என்கிற மிதக்கும் சிறு தாவரத்தைத் தண்ணீரில் விடலாம், அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும், கும்பப்பூவின் குளிர் அதற்குப் பிடிக்கும், களை எடுக்கும்போது மிதித்துவிட்டால் உரம். விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டமான நார்டெப் அசோலா வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கிறது, விதை அசோலாவுக்கு அலைய வேண்டியதில்லை. இதெல்லாம் செய்தும் பயிர் வெளுத்தால் கொஞ்சம் யூரியா போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குடும்பம் நடத்துகிற நெல் அது. மண்ணில் மக்கு ஏற ஏற யூரியாவின் அளவைத் தானாகக் குறைக்க முடியும், ஒரே பூவில் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டு விளைச்சலை இழந்து கைவிடுவதைவிட அது மேல்.

இனி உரம் செய்வது. சாணி கிடைக்காத ஊரில் மண்புழு உரம் எப்படி என்ற கேள்விக்குப் பதில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஒரு தென்னை வருஷத்துக்குப் பன்னிரண்டு ஓலை அளவில் உதிர்க்கிறது. முன்பு கூரைக்குக் கிடுகு முடைய ஓலை வேண்டும், அடுப்பெரிக்க மட்டையும் கொதும்பும் வேண்டும். இப்போது எரிவாயு வந்துவிட்டது, கூரை ஓடும் காங்கிரீட்டும் ஆகிவிட்டது, ஓலை விளையின் மூலையில் குவிந்து தீ வைக்கப்படுகிறது. காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தென்னை ஓலையை மண்புழு உரமாக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதில் எனக்கு மிகவும் உதவியது சாணியின் அளவு. ஓலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாணி போதும், ஒரு டன் ஓலைக்கு 100 கிலோ. பாதிக்குப் பாதி சாணி வேண்டும் என்று கேட்டுப் பயந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கனத்த மட்டையை வெட்டி விலக்கிவிட்டு, மழையிலும் வெயிலிலும் கிடந்து வதங்கிய ஓலையைத் தொட்டியில் அடுக்கி, சாணியைக் கரைத்துத் தெளித்து, இரண்டு மூன்று வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் உள்ளே சூடு ஏறும். சூடு தணிந்து, கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் புழு விட வேண்டும், முன்னமே விட்டால் வெந்துவிடும். டன்னுக்கு ஒரு கிலோ புழு, அதாவது சுமார் ஆயிரம். இரண்டு இரண்டரை மாதத்தில் ஓலை தேயிலைத் தூள் போலக் கறுத்து உதிரும், ஈர்க்கில் மட்டும் மிஞ்சும்.

வாழைத்தடையைச் சேர்ப்பது என் சொந்த விருப்பம். ஏத்தனும் மட்டியும் செவ்வாழையும் நடுகிற மாவட்டத்தில் குலை வெட்டிய பிறகு தடை வரப்பில் கிடந்து அழுகிப் போகிறது, அது சாம்பல் சத்து நிறைந்த பொருள், வைக்கோலோடு வயலை விட்டுப் போன சத்துக்கு அது ஓரளவு ஈடு. பச்சையாகப் போட்டால் தொட்டி முழுக்க நீர் கோத்துவிடும், அதனால் துண்டாக்கி இரண்டு நாள் வாட விட்டுப் போட வேண்டும். புழுக்கள் ஓலையைவிட அதைத்தான் முதலில் தின்னும். கயிற்றுத் தும்பு ஆலையின் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படியே கொட்டுகிறவர்கள் உண்டு, பச்சைத் தூள் எளிதில் மக்காது, அதைத் தனியாகக் காளான் வித்தோடு மக்க வைத்தால்தான் ஆகும். கருவாட்டுக் கழிவு, உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

தொட்டிக்குப் பன்னிரண்டு அடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி உயரமுள்ள பாலித்தீன் பை வேளாண்மைத் துறை மானியத்தில் வருவதுண்டு, இல்லாவிட்டால் செங்கலை அடுக்கினாலும் போதும். ஒரு தொட்டியில் ஒரு தடவை கிடைப்பது ஒரு ஏக்கரின் நாற்றங்காலுக்குப் போக மிஞ்சும். நம் மாவட்டத்தில் தொட்டியைவிட முக்கியம் கூரை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை, இரண்டும் நின்று பெய்கிறவை. தொட்டியில் தண்ணீர் நின்றால் புழுக்கள் ஒரே இரவில் வெளியேறிவிடும். தரையை ஒரு அடி உயர்த்தி, அடியில் வடிகால் விட்டு, காற்று அடிக்கும் பக்கம் கிடுகு மறைப்பும் கட்ட வேண்டும். சுள்ளெறும்பு ஏறாமல் சுற்றிலும் சின்னத் தண்ணீர்க் கால், கோழி கிளறாமல் மேலே வலை, பெருச்சாளி தோண்டாமல் அடியில் கல் பாவிய தரை. ஈரம் எவ்வளவு என்று கேட்பார்கள், கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

புழுவைப் பற்றியும் ஒன்று. உரத் தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழுவையோ சிவப்புப் புழுவையோ வாங்கி வயலில் விட்டால் மண் வளமாகும் என்று நம்பிச் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவை குப்பையில் வாழ்கிற இனம், தண்ணீர் கட்டிய தொளியில் நிற்காது. வயலுக்குரிய புழு வயலிலேயே இருக்கிறது, தண்ணீர் ஏறும்போது வரப்புக்குப் போகும், அறுப்பு முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது திரும்பி வந்து உருண்டை உருண்டையாக மண் கக்கியிருக்கும். தமிழ்நாட்டில் மண்புழுவைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த சுல்தான் அகமது இஸ்மாயில் நம் நாட்டுப் புழு இனங்களைக் கொண்டே உரம் செய்யலாம் என்று தொடர்ந்து சொல்லிவருகிறவர். வயலில் அந்தப் புழு வேண்டுமென்றால் வரப்பைக் காப்பாற்ற வேண்டும். வரப்பைக் களைக்கொல்லி அடித்துச் சுட்டுப்போடுவதும், கார்போஃபியூரான் என்கிற பூச்சிக்கொல்லிக் குருணையை அள்ளி வீசுவதும் மண்புழுவுக்கு நேர் எமன். நாற்றங்காலில் மண்புழு உரத்தைப் போட்டுவிட்டு மேலே அந்தக் குருணையைத் தூவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், முதல் மழை மண்வாசம் வர வேண்டும், சாணி நாற்றம் வந்தால் மக்கவில்லை. கையில் எடுத்தால் இலேசாக இருக்க வேண்டும், கனத்தால் மணலோ செம்மண்ணோ சேர்ந்திருக்கிறது. தண்ணீரில் ஒரு பிடி போட்டால் அடியில் மணல் படிவது தெரிந்துவிடும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தழைச்சத்து நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையக் கூடாது, பையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். போடுவதற்கு முன் மண்ணை ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள், திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, புளிப்பு மண் என்றால் சுண்ணாம்பு எவ்வளவு என்றும் அங்கே கேட்கலாம். சுண்ணாம்பு வேண்டிய மண்ணில் எத்தனை உரம் கொட்டினாலும் பாதிதான் பலிக்கும்.

கடைசியாக நாள் கணக்கு, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் விதை வாங்கிய பிறகுதான் உரத்தைத் தேடுகிறார்கள். ஓலை மக்க மூன்று வாரம், புழு தின்ன இரண்டரை மாதம், சலித்து நிழலில் ஆற வைக்க ஒரு வாரம், ஆக மூன்றரை மாதம், கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் நாலு மாதம் முன்பே தொடங்க வேண்டும். சித்திரைக் கடைசியில் கன்னிப்பூ விதை பாவ வேண்டுமென்றால் தை பிறந்ததும் ஓலை தொட்டிக்குப் போக வேண்டும், அப்போது பனி முடிந்து வெயில் ஏறும் காலம் என்பதால் தண்ணீர் தெளிப்பதில்தான் கவனம் வேண்டும். கும்பப்பூவுக்கு ஆவணிக் கடைசியில் நாற்றுப் பாவும்போது கன்னிப்பூ இன்னும் வயலில் நிற்கும், அதனால் நாற்றங்காலுக்கு விளையோரத்தில் 8 சென்ட் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கான தொட்டியைச் சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும்போதே நிரப்பிவிட வேண்டும். ஆனி மழை வருவதற்குள் அதற்குமேல் கூரை ஏறியிருக்க வேண்டும்.